நாக்கில்லாத பூட்ஸ்

“பாப்பா, இந்த வாட்டி நாக்கையே எடுத்துட்டானுங்க” என்றார் ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவர்.

திடுக்கிட்டுப் பார்த்தேன். மொரப்பூரில் தங்கையோடு ஏறியவர். மடியில் பெட்டி, கையில் புது ஃபுட்பால் பூட்ஸ். ஷூ கடையில் வேலை போலிருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் திரும்பவில்லை.

“நீ காலேஜ் டீமுல ஆடறப்ப வாங்கியாந்தது தோலு. மழையில நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். அடுத்தது ரெக்சினாட்டம், கனம் பாதியாச்சு. அப்புறம் சாக்ஸ் மாதிரியே பின்னி வுட்டான். இப்ப கயித்துக்கு அடியில வர்ற நாக்கும் இல்ல, கயிறும் இல்ல. தூக்கிப் பாரு.”

தங்கை வாங்கிப் பார்த்தாள். “லேசா இருக்குங்கண்ணா. இதைத் திருப்பிக் குடுக்க முடியுங்களா?”

“ஏன், அளவு பத்தலயா?”

“தோலு பூட்ஸோட சரிங்கண்ணா. கண்ணாலத்துக்கு அப்புறம் நான் கிரவுண்டுப் பக்கமே போகல. மத்ததெல்லாம் வூட்ல பீரோவுல கெடக்குது. அடியில மண்ணுகூட ஒட்டல.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“ஒவ்வொரு வாட்டியும் அவ்ளோ ஆசையா எடுத்தாந்து காட்டுவீங்க. சொல்ல வாய் வரலீங்க.”

அவர் பூட்ஸை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். மூடியைக் கையிலேயே வைத்திருந்தார். பொம்மிடியில் வண்டி வேகம் குறைந்தது.

“எப்பப் பார்த்தாலும் லேசா இருக்குதான்னுதான் கேட்டேன். இன்னும் ஆடறியான்னு ஒரு வாட்டிகூடக் கேக்கல பாரு.”