பூரணி மிஸ்ஸி உடைத்த பூட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பூரணி மிஸ்ஸியின் பிள்ளைகளே, அரை நாள் வேலையை விட்டு வந்திருக்கும் தேயிலைத் தோட்டத்து உறவுகளே,

இன்று காலை எட்டு மணிக்கு, நம் தோட்டத்து ஆஸ்பத்திரியின் களஞ்சியப் பொறுப்பாளரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு பேசுகிறேன். குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுக்கும் சின்ன முகமூடி இன்னமும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது. அலுமாரிக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். மிஸ்ஸியை அடக்கம் செய்து ஆறு நாள்தான் ஆகிறது!

பழைய பூட்டை உடைத்தவர் யார்? இங்கே பத்தொன்பது வருடம் தாதியாக இருந்த நம் பூரணி மிஸ்ஸி. ஏன் உடைத்தார்?

போன வருடம் ஜூன் மாதம், மழை கொட்டிய ஒரு காலை. ராக்காயி தன் ஒன்றரை வயது மகள் தனுஜாவைத் தலையோடு கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார். பனி படக்கூடாதென்று நாம் எல்லோரும் செய்வதுதான். மிஸ்ஸி முதலில் கம்பளியை உருவினார்.

"ஐயோ, பனி பட்டுரும் மிஸ்ஸி!"

"பட்டா படட்டும். இது புள்ளையா, கொழுந்து மூட்டையா? மொகத்த மூடுனா எப்படிடி மூச்சு விடும்?"

குழந்தையின் உதடு நீலம். விலா உள்ளே இழுத்தது. பிறகு மூச்சே ஓயத் தொடங்கியது. மேசையில் இருந்தது பெரியவர்களின் முகமூடி. அது குழந்தையின் கண்ணையும் மூடி, ஓரமெல்லாம் காற்றை விட்டது. சின்னது அலுமாரியில்! தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று பூட்டி வைப்பதுதானே இங்கே வழக்கம்? சாவியோ அட்டன் நகரத்துக்குப் போன பொறுப்பாளரின் சட்டைப்பையில்!

சாரதி பழனியாண்டியின் லொறியிலிருந்து இரும்புக் கம்பியை வாங்கிப் பூட்டை நெம்பி எறிந்தார் மிஸ்ஸி. அதே லொறியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். குழந்தையின் தாடையைத் தூக்கிப் பிடித்து, நெஞ்சு உயரும் அளவுக்கு மட்டும், சின்ன முகமூடியில் மாட்டிய காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே போனார்.

"வளைவுல மெதுவா போறேன் மிஸ்ஸி."

"நீ மெதுவா போனா, இந்தப் பைய நீ வந்து அமுக்குவியா? மிதிய்யா!"

தனுஜா அதோ, மூன்றாம் வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். மிஸ்ஸிக்கு என்ன கிடைத்தது? பாராட்டா? மாவட்ட அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம்! "பொதுச் சொத்துக்குச் சேதம்" என்கிறது அது. முழுவதும் படித்தேன். குழந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடிதத்தை வாபஸ் வாங்குங்கள், சின்ன முகமூடியை மேசையில் வையுங்கள் என்று மிஸ்ஸி எழுதிக் கேட்டார். பதினொரு மாதம் பதில் இல்லை. அதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

"செத்தவங்களுக்கு எதுக்குங்க வாபஸ்?" என்று ஓர் உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். இப்படியொரு நேரத்தில் அடுத்த தாதி கடிதத்துக்குப் பயந்து தயங்கக்கூடாது, ஐயா! அதற்குத்தான்.

அவர் கேட்ட இரண்டையும் வாங்கும்வரை நாம் ஓயமாட்டோம். முடிவு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அறிவிப்பதாக மாவட்ட அலுவலகம் எழுத்தில் தந்திருக்கிறது. ஒன்பதரைக்கே அந்த வாசலில் நிற்போம்.