அன்னவாசல் அணிவகுப்பு

சீருடைக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பதை நான் வேறு யாரிடமும் விட்டதில்லை, இன்ஸ்பெக்டர் சார். இன்று இதில் கறை இருக்கிறது. மன்னிக்க வேண்டும்.

கட்சியின் தொண்டர் படைக்கு என்னை மாவட்டத் தளபதியாக நியமித்தவர் மாவட்டச் செயலாளர் அண்ணாமலை. அந்தப் பதவிக்கு ரெங்கசாமியின் பெயரும் அடிபட்டது. கொடும்பாளூர்க்காரர், இருபத்தெட்டு வருடம் ராணுவத்தில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். எனக்குப் பள்ளிக்கூடத்து டிரில்லைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆனால் கீரனூரில் தேர்தலில் எங்கள் கட்சியை எதிர்த்து நின்ற வேட்பாளரின் வலக்கையை மணிக்கட்டோடு வெட்டியவன் நான். யார் சொல்லிச் செய்தேன் என்று ஒன்பது மாதச் சிறையிலும் வாய் திறக்கவில்லை. அதனால் நான் தளபதி, அவர் துணைத் தளபதி.

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் கண்டால் முதல் சல்யூட் அவருடையதுதான். ஐம்பது பேருக்கும் நடை பழக்கியதும் அவர்தான். நான் தவறாக 'இடப்பக்கம் திரும்பு' என்றால், பையன்கள் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்புவார்கள்.

நேற்று அண்ணாமலை கூப்பிட்டார். "மாநாட்டுக்குத் தலைவரே வர்றாரு கண்ணுசாமி. அணிவகுப்ப ரெங்கசாமி நடத்தட்டும். நீ மேடைக்கு அங்கிட்டு நின்னுக்க."

"சரிங்கண்ணே" என்றேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. படை யாருடையது என்று பையன்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இன்று காலை அணிவகுப்பு ஒத்திகைக்காக அன்னவாசல் திடலில் ஐம்பது பேரும் விறைப்பாக நின்றார்கள். கொடிக்காக வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க தளபதி" என்று ரெங்கசாமி திரும்பினார்.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். முன்வரிசையிலிருந்து வசந்த் என்ற பையன் ஓர் அடி எடுத்து வைத்தான். பின்னால் எல்லோரும் அசைந்தார்கள். வந்திருந்தால் என்னைப் பிய்த்துப் போட்டிருப்பார்கள்.

மண்டியிட்டிருந்த ரெங்கசாமி நல்ல கையை உயர்த்தினார். "யாரும் வரிசைய விட்டு வராதீங்கப்பா. நில்லுங்க. நான் பேசிக்கிறேன்."

வசந்தின் கால் பின்னுக்குப் போனது.

அதன் பிறகு தலையில்தான் அடித்தேன். ஆறு முறை. நாலாவதிலேயே அவர் முகம் முகமாக இல்லை. மற்ற இரண்டும் தேவையில்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

சிலர் அழுதார்கள். ஒருவன் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தான். ஆனால் வரிசை கலையவில்லை. எனக்குத் தகுதி இல்லை என்று சொன்னவர்கள் அதை வந்து பார்த்திருக்க வேண்டும். நான் வாயே திறக்கவில்லை, சார். அப்படியும் ஐம்பது பேரும் எனக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள்.