ஒரு பிடி சிவப்புச் சோறு

சோறு பொங்குறதுல எங்க கியோத்தோத் தெருவுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. கிகுயே தொழிலை விட்டுப் போறப்போ அனுப்பின சோத்தையும் நான்தான் பொங்கினேன்.

விருந்துகள்ல ஆடிப் பாடுற பொண்ணுங்க இருக்கற எங்க கெய்ஷா வீட்டுக்கு நான்தான் அம்மா. கிகுயே சின்னப் புள்ளையா வந்தவ. தலை வாரிவிட்டு, ஷாமிசென் வாசிக்கக் கத்துக்குடுத்து, எனக்கப்புறம் இந்த வீடு உனக்குத்தான்டின்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவ என்னடான்னா பல் வைத்தியர் தெஷிமாவைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. நான் மறுக்கலை. மறுத்தா தெரு என்ன பேசும்?

தொழிலை விட்டுப் போறவ தெரிஞ்ச வீட்டுக்கெல்லாம் பெட்டியில சோறு அனுப்பணும். வெறும் வெள்ளைச் சோறுன்னா இனி வரவே மாட்டேன்னு அர்த்தம். பயறு போட்ட சிவப்புச் சோறு கலந்திருந்தா, ஒத்துவரலைன்னா திரும்பிடுவேன்னு அர்த்தம்.

"ஒரு பருக்கைகூடச் சிவப்பு வேணாம்மா"ன்னு சிரிச்சா கிகுயே. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சுது.

அன்னைக்கே சின்னவ ஒருத்திக்கு அரங்கேற்றம். அதுக்குச் செஞ்ச சிவப்புச் சோறும் அடுப்படியில இருந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் போற பெட்டியில மட்டும் ஒரு பிடி அள்ளி வச்சேன்.

பெட்டி திரும்பி வந்துடுச்சு. ஒரு காலை வெளியிலயே வச்சுக்கிட்டு வர்ற மருமக எங்களுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கல்யாணம் நின்னுபோச்சு.

"யாரும்மா அந்தப் பெட்டியைக் கட்டினது?"

"நீதானேடி கட்டினே. கல்யாண மயக்கத்துல கண்ணு தெரியலையா?"

அவ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பாவம், நம்பிட்டா. தெஷிமா வீட்டு வாசல்ல மண்டி போட்டு, என் தப்புதான்னு அழுதிருக்கா. யாரும் கதவைத் திறக்கலை.

நான் அவ அறையைப் பெருக்கி, மெத்தை விரிச்சு வச்சிருந்தேன். அவ நேரா கமோ ஆத்துக்குப் போயிட்டா.

நான் யாரையும் பிடிச்சுத் தள்ளலை ஐயா. வளர்த்த புள்ளை வீட்டோட இருக்கட்டும்னு நினைச்சேன், அவ்வளவுதான். உடம்பைக் கொண்டாந்து கிடத்தினதும், தலைமாட்டுல வெள்ளைச் சோறு வைக்கச் சொன்னார் பிக்கு. வச்சேன். அதுலயும் ஒரு பிடி சிவப்பு கலந்தேன். அதைப் பார்த்துட்டுத்தான் சின்னவ அலறிக்கிட்டு உங்ககிட்ட ஓடி வந்தா. விவரம் தெரியாத பொண்ணு.

எழுதி முடிச்சாச்சுன்னா என்னைச் சீக்கிரம் அனுப்பிடுங்க. கிகுயே வந்தா கதவைத் திறக்க ஆள் வேணும்.