பெரட்டில் கூப்பிடாத பேர்

என் வகுப்பில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் கணினி முன் உட்கார வேண்டும். ஹட்டன் சேறு அப்படி. பதினொரு வருடமாகத் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவரையும் கைநீட்டி அடித்தது கிடையாது.

ஜெயந்தினி பூண்டுலோயாவிலிருந்து வந்து படித்தாள். அம்மா கொழுந்து பறிப்பவர். யாரோ கழித்துப்போட்ட லெப்டொப் ஒன்று அவளிடம் இருந்தது, லினக்ஸில் ஓடுவது. அதில் இரண்டு கிராபிக்ஸ் கார்ட். சின்னது சாதாரண வேலைக்கு, பெரியது அசையும் படம் செய்வதற்கு. பெரியது எழும்பவே இல்லை. மூன்று மாதம் நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவள் எதையெதையோ வாசித்து ஒரே வாரத்தில் இரண்டையும் ஓடவைத்துவிட்டாள்.

அதற்காக நான் கோபப்படவில்லை. ஆனால் வகுப்பில் எல்லோர் முன்னாலும், "சார் காட்டிக் குடுத்த வழியிலதாங்க போனேன்" என்றாள். நான் ஒரு வழியும் காட்டவில்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குப் பிச்சை போட்டாள். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

கொழும்பில் கார்ட்டூன் படம் எடுக்கும் நிறுவனமொன்று அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. தன் லெப்டொப்பிலேயே அவர்கள் எதிரில் படத்தை ஓட்டிக்காட்ட வேண்டும். என்னை யாரும் கொழும்புக்குக் கூப்பிட்டதில்லை. அதற்கு முதல் நாள், "ஒருக்கா பாத்துத் தாங்க சார்" என்று லெப்டொப்பைத் தந்து, கடவுச்சொல்லையும் சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி வாங்கப் போனாள்.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவார்கள். பேர் விழாதவருக்கு அன்று வேலையில்லை. கணினியும் எழும்பும்போது தன் உறுப்புகளை அப்படித்தான் கூப்பிடுகிறது. கூப்பிடக்கூடாதவர்களுக்கென்று அதில் ஒரு பட்டியல் உண்டு. பெரிய கார்ட்டின் பேரை அதில் எழுதினேன். ஒரே வரி. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கும்மா, தைரியமா போ" என்றேன்.

கொழும்பில் படம் அசையவில்லை. திரும்பி வந்து அழுத முகத்தோடு லெப்டொப்பை என் மேசையில் வைத்தாள். பத்து நிமிடம் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"பெரிய கார்ட் எரிஞ்சிருச்சும்மா. இனி ஒண்ணும் செய்ய ஏலாது."

"சரிங்க சார்" என்றாள். இப்போது கட்டுநாயக்காவில், ஆடைத் தொழிற்சாலையில் ஒரு தையல் மெஷின் முன்னால் இருக்கிறாள்.

அந்த வரியை அழிக்க அரை நிமிடம் போதும். எதையும் தானே செய்துபார்க்காமல் நம்பாத பிள்ளை அவள். என் சொல்லை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு மாணவி அந்த அளவுக்கு நம்புகிறாள் என்றால், அவளுடைய வாத்தியார் நல்லவனாகத்தானே இருந்திருக்க வேண்டும்.