முள்ளம்பன்றியின் குழி

மலேசியாவில், பாலோவிலிருந்து குளுவாங் செல்லும் மாலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் சேறு படிந்த காலணிகளோடு, காட்டு விலங்குகளை ஆராயும் ஒரு பெண் அமர்ந்திருந்தார். பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தில் மண்வாரி இயந்திரம் ஓட்டும் ஒருவர்.

"நாலு நாளா குழிய விட்டு வெளிய வரலண்ணா. குட்டி போட்டுருச்சு."

"யாரும்மா?"

"கழுத்துல சிக்னல் பட்டை மாட்டி விட்டோமே, அந்த முள்ளம்பன்றிதான். ரெண்டு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தோம்."

"அலமாக்! திங்கக்கிழமை மறுநடவுக்கு நாந்தானே மண்ணப் பெரட்டுறேன். எந்த நெரைன்னு சொல்லு, ஒதுங்கிப் போறேன்."

"யாருக்கும் சொல்லக்கூடாதுண்ணா. அது வயித்துல இருக்குற கல்லு மருந்துக்கு நல்ல வெலைக்கு விக்கும்னு தோண்டி எடுத்துருவாங்க. போன தடவை இன்னொண்ணு இருந்த எடத்த தோட்டத்துல சொன்னோம். பட்டை மட்டும்தான் திரும்பிக் கெடச்சுது."

"சொல்லாட்டி நானே தோண்டிருவேன்லா."

"அப்ப நீங்க லீவு போடுங்க."

"போட்டா வேற ஆள் ஓட்டுவான்."

அந்தப் பெண் களைத்த கண்களால் பேருந்திலிருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பக்கத்திலிருந்தவரின் உள்ளங்கையில் ஒரு எண்ணை எழுதினார். குளுவாங் வரும்வரை அவர் அந்தக் கையை விரிக்கவே இல்லை.