நாற்காலிகளுக்குக் கீழே ஒரு நிலையம்

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் அண்ணிக்கும், வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், "படிச்ச பொண்ணு, நீயே பேசிடும்மா" என்று கழகத்தார் தள்ளிவிட்டார்கள். உங்கள் முகம் பார்க்காமல் தரையையே பார்த்துப் பேசுகிறேன். அதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை.

குட்டி ரயில் செய்து ஓட்டும் நம் ‘மாதிரி ரயில்’ கழகத்தின் தலைவர், கண்ணாடிக்கடை அண்ணன் இன்று இல்லை. ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவெடுத்தவர். ஊர் ரயில் நிலையத்துக்கும் அளவெடுத்தவர். பழைய நிலையத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும், அதை அப்படியே சிறிதாக்கி இந்த அறையில் ரயில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கிளம்பினார். நாடாவின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் வந்து, "என்ன சார், ஸ்டேஷன விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்றார்.

"அவ்வளவு பெருசு நமக்கெதுக்குப்பா? சின்னதாக்கி எடுத்துட்டுப் போறேன்."

காகிதத்தில் திட்டம் போட அவர் சம்மதிக்கவில்லை. "காகிதத்துல எல்லாம் அடங்கிடும்மா. கைய நீட்டினாத்தான் எட்டாது" என்பார். அதனால் அளந்ததை வேறெங்கும் குறிக்காமல், மாதிரியின் அளவிலேயே தரையில் சாக்பீஸால் வரைந்தார். சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவார். கடைசித் தண்டவாளத்தில் பெட்டி கவிழ்ந்தால் எடுக்க முடியுமா? எட்டவில்லை என்றால் அழிப்பார், மறுபடி வரைவார். நம் தச்சர் ஒருமுறை, "அண்ணே, இடம் பத்தல. அந்தக் கழிப்பறையத் தூக்கிடலாம்" என்றார்.

"தூக்கிடலாம். அவசரம்னு வர்ற பயணிக்கு நீ பதில் சொல்லிடு."

நடைமேடையைக் குறுக்கினார். கழிப்பறையைக் குறுக்கவில்லை.

அண்ணி வந்து பார்த்துவிட்டு, "வீட்டுல ஒரு அலமாரி வைக்க இடம் அளக்க நேரமில்ல, இங்க ஊரையே அளந்து வச்சிருக்காரு" என்றார்கள். அன்றும் கோட்டை மிதிக்காமல், அவர் வரைந்திருந்த ரயில்வே கேட் வழியாகத்தான் நடந்து வந்தார்கள். கழகத்தில் யாராக இருந்தாலும் அதுதான் வழி. செருப்பைக் கழற்றிவிட்டு, கேட் வழியாக.

போன வாரம் கடைசி வளைவையும் வரைந்து முடித்தார். "ஞாயித்துக்கிழமை மேல தாள விரிச்சு நகல் எடுத்துக்கலாம்மா" என்றார். வெள்ளிக்கிழமையே போய்விட்டார். நிலையத்தை ஏற்கெனவே இடித்தாகிவிட்டது. மறுபடி போய் எதை அளப்பது? அவர் வரைந்ததை எடுத்த படம் கைபேசியில் இருக்கிறது. படத்தில் கோடு தெரிகிறது, அளவு தெரியவில்லை.

அப்படியானால் அந்தத் திட்டம் இப்போது எங்கே இருக்கிறது?

நீங்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மழை என்பதால் கூட்டத்தைக் கடைசி நேரத்தில் இங்கே மாற்றினார்கள். நான் வருவதற்குள் நாற்காலி போட்டு, எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. போட்டவர்கள்மேல் தப்பில்லை, தெரியாதவருக்கு அது வெறும் கிறுக்கல். இரண்டாம் வரிசைக்குக் கீழே நடைமேடை. தச்சர் காலடியில் கழிப்பறை. நடுவில் யாரோ நாற்காலியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு வாய் குழறியது.

அண்ணனின் வேலையை நாங்கள் முடிப்போம். இன்றே நகல் எடுப்போம், நாளை பலகை அறுப்போம், அந்த நிலையத்தில் ரயில் வந்து நிற்கும். அண்ணி, இது உங்கள் முன்னால் கொடுக்கும் வாக்கு.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. எழுந்து நிற்பதுதான் மரியாதை. பெரியவர்களிடம் இப்படிக் கேட்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் அவர் வரைந்ததில் எதுவும் மிஞ்சாது. நான் போய்க் கேட் அருகில் நிற்கிறேன். அஞ்சலி முடிந்ததும் நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்துவிட்டு, ஒவ்வொருவராக அந்த வழியே வாருங்கள்.

அதுவரை, தயவுசெய்து, யாரும் எழுந்திருக்க வேண்டாம். காலைக்கூட அசைக்காமல், உட்கார்ந்தபடியே அவரை நினைத்துக்கொள்வோம்.