ஒவ்வொரு அஞ்சாவது ஆளும்

"இவ்வளவு சந்தோஷமா பல்லைப் பிடுங்கிட்டுப் போற ஜனங்களை நான் பாத்ததே இல்லம்மா"ன்னு போன்ல கேட்டுச்சுங்க. என்கிட்ட பேசிட்டு அவ போனை வைக்க மறந்துட்டா போல. பேசினது அவளோட புரொஃபசர். என் நாத்தனாரைச் சொல்றேன், வீட்டுக்காரரோட தங்கச்சி, ஆராய்ச்சி பண்றா. நீங்க பேசாதீங்க, கன்னம் வீங்கியிருக்கு. தலையை மட்டும் ஆட்டுங்க. டாக்டர் உள்ள ஒரு கடைவாய்ப் பல்லோட மல்லுக்கட்டிட்டு இருக்காரு, கொஞ்ச நேரமாகும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், ஃபாரம். பல் டாக்டர்கிட்ட எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க, எவ்வளவு திருப்தி, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள டிக் போடுங்க. இதான் அவ ஆராய்ச்சி. காத்திருக்கிற நேரம் கூடினா திருப்தி குறையும்னு அவளா ஒண்ணு நினைச்சு வச்சிருக்கா. அதுக்குப் பேரு கருதுகோளாம். நாம நினைச்சா சந்தேகம், படிச்சவங்க நினைச்சா கருதுகோள். நேரம் ஒரு மாறி, திருப்தி ஒரு மாறி. ஆளுக்கு ஆள் மாறுதில்ல, அதனால. "அப்ப உங்கண்ணன் கோபமும் மாறிதானே"ன்னேன். "அது என்னிக்கு அண்ணி மாறியிருக்கு, அது மாறிலி"ங்கறா. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.

இங்க வர்ற அத்தனை பேரும் அவ கணக்குல முழுத்தொகுதி. எல்லாரையும் கேக்க முடியாது, அதுல கொஞ்சம் பேரை எடுத்தா அதுக்குப் பேரு 'மாதிரி'. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், இதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா"ன்னு கேட்டேன். "மேலாப்புல ஒரு பருக்கையை எடுத்துட்டுப் பதம் சொல்லக்கூடாது அண்ணி, கிளறி எடுக்கணும்"னா. அதனால கணக்கா ஒரு முறை வச்சா. உள்ள வர்ற ஒவ்வொரு அஞ்சாவது ஆளுக்கும் இந்த மேஜையிலேருந்து நான் ஃபாரம் குடுக்கணும், அவங்க போகும்போது எழுதித் தரணும். அது யாரா இருந்தாலும் சரி.

குடுத்தேங்க. அறுபது ஃபாரம். திருப்தியைக் கூட்டி அறுபதால வகுத்தா சராசரி நாலு புள்ளி ஒன்பது. சின்னதுலேருந்து பெரிசா அடுக்கி நடுவுல இருக்கறதை எடுத்தா, அது இடைநிலையாம், அது அஞ்சு. நிறையப் பேர் போட்டது முகடு, அதுவும் அஞ்சு. சராசரியை விட்டு ஒவ்வொருத்தரும் எவ்வளவு தள்ளி நிக்கறாங்கன்னு பாக்கறது திட்ட விலக்கம். யாரு தள்ளி நின்னா? ஒரு குடும்பம் போட்டோவுக்கு நிக்கற மாதிரி ஒட்டி நிக்கறாங்க. பத்து நிமிஷத்துக்கு மேல காத்திருந்ததா ஒருத்தரும் எழுதல. எனக்கு ஒரே பெருமை. ரெண்டு மாறியும் மாறவே இல்லையேன்னு அவ அழுதுட்டா. நல்ல பேரு வந்தா யாராவது அழுவாங்களா, நீங்களே சொல்லுங்க... வேணாம், சொல்லாதீங்க, வலிக்கும்.

இப்ப அந்த புரொஃபசர் சார் என்ன சொல்லிட்டாருன்னா, ஆளை எப்படி எடுத்தீங்கன்னு பன்னெண்டு மணிக்குள்ள உள்ளபடி சொன்னா, திரும்ப எடுக்க ஒரு மாசம் தர்றேன், இல்லேன்னா ரெண்டு வருஷ உழைப்பை மூட்டை கட்டிக்கோன்னு. அதுக்கு இவ, "எங்க அண்ணி ஒழுங்காத்தான் சார் குடுத்திருப்பாங்க"ங்கறா. அதுவும் போன்ல விழுந்துச்சு. மணி இப்ப பதினொன்னே முக்கால்.

எண்ணினேங்க. எண்ணாம இல்ல. முதல் நாள் அஞ்சாவதா வந்தவரு, தாடையைப் பிடிச்சுக்கிட்டு, நாற்காலியை எட்டி உதைச்சுட்டு உக்காந்தாரு. அவர்கிட்ட போய், சார் திருப்தியான்னு எப்படிக் கேக்கறது? பின்னாடியே ஒரு அம்மா சிரிச்சுட்டே வந்தாங்க. பல் சுத்தம் பண்ண வந்தவங்க, வலியும் கிடையாது, ரொம்ப நேரம் காத்திருக்கவும் வேணாம். அவங்ககிட்ட நீட்டினேன். ஒரு தடவைதானேன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா... சிரிக்காதவங்க யாருமே எனக்கு அஞ்சாவதா வரல.

டாக்டர் பேரு கெட்டுடக் கூடாதேன்னுதாங்க.

ம்... டாக்டர் பேரு இல்ல. டோக்கன் குடுக்கறது நான். கூப்பிடறது நான். ரொம்ப நேரம் உக்கார வச்சாங்கன்னு ஒருத்தர் எழுதினா, அது யாரை எழுதினதா ஆகும்? பதினாலு வருஷமா இந்த மேஜையில இருக்கேன். இதுவரைக்கும் யாரும் என்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினதில்ல. முதல் முதலா எழுத வரும்போது...

அப்படிப் பாக்காதீங்க. நீங்க ஒண்ணும் சொல்லல, தெரியும்.

அந்த போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க.

பாப்பா... ம், சாப்பிட்டேன். அதுக்குக் கூப்பிடல. உங்க சார் பக்கத்துல இருக்காரா? ஏன் எதுக்குன்னு கேக்காத, அவர்கிட்ட குடு... வணக்கம் சார். ஃபாரம் குடுத்த அண்ணி நான்தான் பேசறேன். எப்படிக் குடுத்தேன்னு சொல்றேன், எழுதிக்கோங்க.